மூன்று எழுத்தில் தட்டிய சொல்

என் வேலை, டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு எழுதுவது. அமெரிக்காவில் எங்கோ ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததை வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அந்தப் பதிவு செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹால் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். நான் அதைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடித்துத் தருவேன். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். ஒரு காலத்தில் தாம்பரத்தில் தெருவுக்கு ஒரு பயிற்சி நிலையம் இதற்கு இருந்தது. இப்போது கம்ப்யூட்டரே பாதியை எழுதிவிடுகிறது. அது எழுதி வைக்கும் அபத்தங்களைத் திருத்துவதுதான் எங்கள் பிழைப்பு. பதினாறு வருடமாக இதில் இருக்கிறேன். கடைசி ஒன்பது வருடம் மனநலப் பிரிவு மட்டும்.

விஷயம் தெரிந்தவர்கள், "அப்போ நீங்க பாதி டாக்டர்னு சொல்லுங்க" என்பார்கள். நானும் மறுத்ததில்லை. எங்கள் காலனியில் யாருக்காவது ஸ்கேன் ரிப்போர்ட் வந்தால் முதலில் என் வாசலுக்குத்தான் வரும். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் படித்து, "பயப்பட ஒண்ணுமில்லை, இருந்தாலும் டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்புவேன். எந்த ரிப்போர்ட்டுக்கும் பொருந்தும் வாக்கியம் அது.

எங்கள் தொழிலில் வேகம் முக்கியம். அதற்காகச் சில குறுக்குவழிகள் வைத்திருப்போம். அடிக்கடி வரும் நீளமான சொற்களை இரண்டு மூன்று எழுத்தில் சுருக்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், அந்த எழுத்துகளைத் தட்டியதும் முழுச்சொல் வந்து விழும். நான் பி, எம், ஆர் என்று தட்டினால் 'சைக்கோமோட்டார் ரிடார்டேஷன்' என்று வரும். மனநல ரிப்போர்ட்டில் அது இல்லாத நாளே கிடையாது. அர்த்தம் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்: மனச்சோர்வில் உடலின் அசைவும் பேச்சும் சிந்தனையும் மந்தப்படுவது. பரீட்சைக்குப் படித்த மாதிரி.

இன்னொன்று உண்டு. அதை 'நார்மல்' என்போம். நோயாளியிடம் வித்தியாசமாக எதுவும் இல்லையென்றால் டாக்டர் மெனக்கெட்டு ஒவ்வொன்றாகச் சொல்லமாட்டார். "என் நார்மலைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நாங்கள் ஒரு பொத்தானை அழுத்துவோம், ஒரு பத்தி முழுசாக வந்து உட்காரும். உடை சுத்தம். கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். பேச்சு சரியான வேகம். சைக்கோமோட்டார் அசைவு நார்மல். தூக்கம், பசி நார்மல். தற்கொலை எண்ணம் இல்லை. ஏதாவது ஒன்று மட்டும் வேறாக இருந்தால் டாக்டர் அதை மட்டும் சொல்வார், அந்த வரியை மாற்றிக்கொள்வோம். புதிதாக வருகிறவர்கள் மாற்ற மறந்துவிடுவார்கள். மேலே நோயாளி அழுதார் என்று இருக்கும், கீழே மனநிலை நார்மல் என்று இருக்கும். இதற்காக நான் போனில் எத்தனை பேரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

என் கணவர் கிண்டியில் ஒரு சிறிய தொழிற்சாலையில் சிஎன்சி மிஷின் ஆபரேட்டர். கம்பியைக் கடைந்து வால்வு பாகங்கள் செய்கிற மிஷின். மனுஷன் பேசுவதில் கஞ்சன், கையில் மின்னல். படி இறங்கிக்கொண்டே சட்டைப் பித்தானை எல்லாம் போட்டுவிடுவார். தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பிய பிறகு ஓடிப்போய் ஏறுகிற கெட்ட பழக்கம் உண்டு. அதற்காகவே நாங்கள் பலமுறை சண்டை போட்டிருக்கிறோம். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள், அப்பா பூண்டு உரிப்பதை வீடியோ எடுத்து சிநேகிதிகளுக்கு அனுப்பியிருக்கிறாள்.

போன வருடம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவர் மெதுவாகிப் போனார். இந்த வாக்கியத்தை இப்போது எழுதுவது சுலபம். அப்போது அது அப்படித் தெரியவில்லை. குளிக்கப் போனால் வர நேரமாகும். காபி ஆறி ஆடை கட்டியிருக்கும், டம்ளரைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். "ரசமா சாம்பாரா?" என்று கேட்டுவிட்டு நான் அடுப்படிக்குப் போய், தாளித்து முடித்துத் திரும்பி வரும்போது, "ரசம்" என்பார். நான் ஏற்கெனவே சாம்பாரை ஊற்றியிருப்பேன்.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன். அதற்கு முன் அவருடைய அண்ணன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வேலையைக் காரணம் காட்டி நான் போகவில்லை. அந்தக் கோபத்தைத்தான் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காட்டுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். குளியலறைக் கதவைத் தட்டி, "உள்ளயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று கத்தினேன். சோம்பேறி என்றேன். எருமை என்றேன். அவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏழு மணிக்கு வேலைக்கு உட்கார்ந்து, அதே கோபத்தோடு, பி எம் ஆர், பி எம் ஆர் என்று தட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் அவர் ஒரு சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் பள்ளிக்கரணையில் இருக்கிறார். அதே மிஷினில் அடுத்த ஷிஃப்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியில் வந்து இறங்கினார். என் கணவரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, கிளம்புகிற மாதிரி வெளியே வந்து, கேட்டருகே என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, தப்பா நென்ச்சுக்காத. அண்ணனுக்கு இன்னாவோ ஆயிக்கீது."

"என்ன ஆச்சு?"

"மிஷினாண்ட நின்னுகினே கீறாரு. பீஸ மாட்டணும், கைல வச்சிகினே கீறாரு. மின்னலாட்டம் மாட்ற ஆளுக்கா அவரு. சூப்ரவைசர் மெமோ குடுக்கப் போறேன்றான். நான்தான் நிறுத்தி வச்சிகிறேன். ரெண்டு பேரு பீஸ நானே ஓட்டிட்டு போறேன், எத்தினி நாளைக்கு? பேஜாரா கீதுக்கா. நீ டாக்டருங்களோட வேல செய்றவ, உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா என்று அவர் கேட்டது கிண்டல் இல்லை. உண்மையாகவே நம்பிக் கேட்டார். மிஷினுக்கு முன்னால் நிற்கிற ஒரு மனுஷனுக்குத் தெரிந்தது, ஒன்பது வருடமாக மனநல ரிப்போர்ட் அடிக்கிற எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அன்றைக்கும் எனக்கு அந்தச் சொல் தோன்றவில்லை. சர்க்கரையோ தைராய்டோ என்றுதான் நினைத்தேன். பக்கத்துத் தெரு டாக்டர் ரத்தம் எடுத்து எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர்தான் தாம்பரம் கிழக்கில் ஒரு மனநல டாக்டர் பெயரை எழுதிக்கொடுத்தார். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் கிளினிக். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. அதிகம் சிரிக்காதவர்.

அங்கே நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. டாக்டர், "சொல்லுங்க சார், என்ன பண்ணுது?" என்று அவரிடம் கேட்டார். அவர் வாயைத் திறக்கும்வரை பொறுக்க முடியாமல் நான் ஆரம்பித்துவிட்டேன். தூக்கம் பரவாயில்லை டாக்டர், பசி பரவாயில்லை, சுத்தமாகத்தான் இருக்கிறார், குழப்பம் எதுவும் இல்லை, மாயக்குரல் எதுவும் கேட்பதில்லை, தற்கொலை எண்ணம் இல்லை. வரிசை பிசகாமல் சொன்னேன். மனப்பாடமாக இருந்த நார்மல் பத்தியை அப்படியே தமிழில் ஒப்பித்தேன். கொஞ்சம் மெதுவாக இருக்கிறார், அவ்வளவுதான் என்று முடித்தேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கடைசியா சொன்னீங்களே, அந்த எண்ணம் இல்லைன்னு. அவர்கிட்ட கேட்டீங்களா?"

"இல்லை டாக்டர்."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

கண்ணை எடுக்காமல் டாக்டர் மேஜைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு டாக்டர் என்னைப் பேசவிடவில்லை. அவரை எழுந்து கதவுவரை நடந்து திரும்பி வரச் சொன்னார். முழுக்கைச் சட்டையின் கைப் பித்தானைக் கழற்றித் திரும்பப் போடச் சொன்னார். நான் அதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். நடக்கும்போது கை வீசவில்லை. பித்தான் ஓட்டைக்குப் பக்கத்தில் விரல் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வலி இல்லை, நடுக்கம் இல்லை. அந்த விரலுக்கு யாரோ உத்தரவு கொடுக்க வேண்டும், உத்தரவு எங்கோ வழியில் நிற்கிறது என்பது போல இருந்தது. படி இறங்கிக்கொண்டே பித்தான் போடுகிற கை அது.

அந்த எண்ணம் வருகிறதா என்று டாக்டர் அவரிடமே கேட்டார். நீண்ட நேரம் கழித்து, "இல்லை" என்றார்.

டாக்டர் சீட்டில் எழுதியதை நான் தலைகீழாகவே படித்தேன். மனச்சோர்வு என்பதற்கான சொல். அதற்குக் கீழே பி, எம், ஆர். பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி, அதாவது நன்றாகவே இருக்கிறது. நான் தட்டுகிற அதே மூன்று எழுத்து.

மறுநாள் வேலை நடுவில் டாக்டர்களை நிறுத்தி வைத்துவிட்டு, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். வேண்டாத வேலைதான். குற்றவுணர்ச்சி உள்ளவர்கள் எதையாவது படிப்பார்கள். 'சைக்கே' கிரேக்கச் சொல். முதலில் மூச்சு, பிறகு உயிர், பிறகு ஆன்மா என்று பொருள் மாறி, கடைசியில் மனதுக்கு வந்து நின்றிருக்கிறது. 'மோட்டார்' லத்தீன். அசைப்பவன், அசைப்பது. தண்ணீர் ஏற்றும் மோட்டார் வருவதற்கு ரொம்ப முன்பே, தசையை அசைக்கும் நரம்புக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மனநல மருத்துவர்கள், முக்கியமாக ஜெர்மன் மொழிக்காரர்கள், இந்த இரண்டையும் ஒட்டவைத்துப் புழங்க ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களிடம் ஸ்கேனும் கிடையாது, சொல்லிக்கொள்கிற மாதிரி மாத்திரையும் கிடையாது. காப்பகங்களில் இருந்த ஆட்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒன்றுதான் வழி. ஒருவன் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். இன்னொருவன் கையைப் பிசைந்துகொண்டு நடந்தபடியே இருக்கிறான். மனதில் நடப்பது அசைவில் தெரிகிறது என்று அவர்கள் எழுதி வைத்தார்கள்.

பிறகு அந்தச் சொல் பல இடம் சுற்றியிருக்கிறது. ஒருவகை வலிப்புக்குக் கொஞ்ச காலம் அந்தப் பெயர் இருந்து மாறிவிட்டது. கண் பார்த்ததும் கை எவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிறது என்று ஓட்டுநர்களுக்கும் விமானிகளுக்கும் வைக்கும் சோதனைகளுக்கும் அதே பெயர்தான். பீர்க்கன்கரணையில் இருக்கும் என் தங்கை ஆசிரியை. அவள் பி.எட். படித்தபோது பாடக்குறிப்பில் 'உள இயக்கம்' என்று எழுதியது இதைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. 'ரிடார்டேஷன்' என்பதும் லத்தீனில் மெதுவான என்ற சொல்லிலிருந்து வந்தது. அது நடுவில் வசைச்சொல்லாகிவிட்டதால் இப்போது சில டாக்டர்கள் வேறு சொல் போடுகிறார்கள்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நமக்கு இந்த விஷயம் புதிதே இல்லை. குழந்தையை அடிக்கக் கை வரவில்லை என்கிறோம். கெட்ட செய்தி கேட்டால் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்கிறோம். நிலைகொள்ளாமல் நடக்கிறவனை இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறான் என்கிறோம். மனதைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் கை காலை வைத்துத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்படியிருந்தும் என் வீட்டில் ஒருவருக்குக் கை வராமல் போனபோது எனக்குச் சோம்பேறி என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, வேலைக்கு விடுப்புச் சான்றும் கொடுத்து, என்னை ஒரு நோட்டு போடச் சொல்லியிருந்தார். "நார்மல், அப்நார்மல் எல்லாம் எனக்கு வேண்டாம். அதை நான் பார்த்துக்கறேன். என்ன செஞ்சார், எவ்வளவு நேரமாச்சு, அதை மட்டும் எழுதுங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு மூணு வாரத்துல கை கால்ல சுறுசுறுப்பு வரும். மனசு அதுக்கப்புறம்தான் வரும். அந்த நடுவுல இருக்கிற நாள்தான் ஆபத்து. அதுவரைக்கும் நினைச்சதைச் செய்யறதுக்குக்கூட உடம்புல தெம்பு இருந்திருக்காது. நல்லாயிட்டார்னு விட்டுடாதீங்க. பக்கத்துல இருங்க."

நான் தலையாட்டினேன். இந்த மாதிரி எச்சரிக்கைகள் ரிப்போர்ட்டின் அடியில் வரும். ஆபத்துகள் விளக்கப்பட்டன, குடும்பத்தினர் புரிந்துகொண்டதாகத் தெரிவித்தனர் என்று முடியும். அதற்கும் என்னிடம் ஒரு பொத்தான் உண்டு.

நோட்டை ஒழுங்காகத்தான் எழுதினேன். பல் தேய்க்கப் பதினேழு நிமிடம். ஒரு இட்லி சாப்பிட இருபது நிமிடம். செய்தித்தாளில் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், திருப்பவில்லை. மகள் போன் செய்தாள், ஸ்பீக்கரில் அவள் இரண்டு முறை "அப்பா?" என்ற பிறகு "ம்" என்றார். எழுதுவதற்காக அவரைப் பார்க்க வேண்டியிருந்தது. கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் நான் அவரை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. பார்க்கப் பார்க்கக் கோபம் போய்விட்டது. அவர் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் எவ்வளவு பாடுபடுகிறார் என்று தெரிந்தது. சோம்பேறி அவ்வளவு பாடுபட மாட்டான்.

மாத்திரை ஆரம்பித்த பத்தொன்பதாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிட்டார். நான் கண்விழித்தபோது ஷேவ் செய்து, குளித்து, பால் வாங்கி வந்து, அடுப்பில் வைத்திருந்தார். "காபி போடவா?" என்றார். எனக்கு சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தங்கைக்குப் போன் போட்டு, "பழைய மனுஷனா ஆயிட்டார்டி" என்றேன். கேசரி கிண்டினேன். நோட்டை எடுத்து, தேதி போட்டு, பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதினேன். நார்மல்.

அன்று முழுக்க அவர் சும்மா உட்காரவில்லை. நான் வேலைக்கு நடுவில் எழுந்தபோதும், அவர் என்னைக் கூப்பிட்டபோதும் ஏதோ செய்துகொண்டிருந்தார். நான் நிம்மதியாக அடித்தேன். அன்றைக்கு நிறைய ரிப்போர்ட் முடித்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு வேலையை முடித்தபோது, மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அந்த அம்மா ஒற்றைச் சொல்லைப் பார்த்தால் திட்டுவார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்துவிட்டு, நேரம் போட்டு எழுத உட்கார்ந்தேன்.

5.45 எழுந்தார். 6.20 பால் வாங்கி வந்தார். 8.00 காஸ் புத்தகம், வீட்டு வரி ரசீது, இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, எது எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். 9.15 மகளுக்குப் போன். அவள் வகுப்பில் இருப்பாள் என்று தெரிந்தும் கூப்பிட்டார். நல்லாச் சாப்பிடு என்று இரண்டு முறை சொன்னார். 11.00 போர் மோட்டாரில் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றி எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார். நான் இருக்கட்டும் என்றேன். இல்லை, நீ செய்து காட்டு என்று என்னையே செய்யவைத்தார். 2.30 மிஷின் பாகங்களை அளக்க வைத்திருக்கும் தன் மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பள்ளிக்கரணைக்காரருக்குப் போன் செய்து வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த மைக்ரோமீட்டரை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. என்னைக்கூட.

எழுதி முடித்து மேலிருந்து ஒருமுறை படித்தேன். எந்த வரியிலும் தப்பு இல்லை. ஒவ்வொன்றும் நல்ல குடும்பத் தலைவர் செய்கிற வேலை. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்ததும் நோட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

அவர் ஹாலில் பாயில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். இப்படி ஒரு கேள்வியை வீட்டில் ஒருவரிடம் கேட்பதற்கு எனக்கு வார்த்தையே தெரியவில்லை. ஒன்பது வருடமாக அதற்கான பதிலை அடித்துக்கொண்டிருந்தேன், கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டால் அவருக்கு நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்றும் பயமாக இருந்தது. அப்படி ஆகாது, கேட்பதுதான் நல்லது என்று எத்தனையோ டாக்டர்கள் என் காதில் சொல்லியிருக்கிறார்கள்.

"என்னங்க, செத்துப் போயிடணும்னு தோணுதா?"

"தோணுது," என்றார்.

உடனே சொன்னார். மடித்த துண்டின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே. நான்கு மாதத்தில் அவர் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை.

நான் கத்தவில்லை. எனக்கே ஆச்சரியம்தான். அவர் கையிலிருந்த துண்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வேண்டாம், இப்பவே கூட்டிட்டு வாங்க. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க" என்றார். ஆட்டோவில் தாம்பரம் போகிற வரைக்கும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் கையைப் பிடித்துக்கொண்டு போகிற பழக்கம் எங்களுக்கு எப்போதுமே இருந்ததில்லை. அவர் விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பன்னிரண்டு நாள். மாத்திரையை மாற்றினார்கள். தங்கை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து, நானும் அவளும் முறைபோட்டு உட்கார்ந்தோம். மகளிடம் மறைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் சொன்னோம், அவள் அன்றைக்கே ரயிலேறி வந்தாள். பள்ளிக்கரணைக்காரர், அன்று மத்தியானமே வந்து வாங்கிப்போன மைக்ரோமீட்டரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "அண்ணன் கேட்டா குடு, ஏன்டா எடுத்துகினு போனன்னு என்ன திட்டட்டும்" என்று சொல்லிவிட்டு, வெளியே படிக்கட்டில் போய் நின்று அழுதார்.

மனசு வர இன்னும் இரண்டு மாதம் ஆனது. அது கை கால் வந்தது போல ஒரே நாளில் வரவில்லை. ஒரு நாள் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றார். இன்னொரு நாள் டிவியில் கிரிக்கெட் பார்த்து ஒருவனைத் திட்டினார். இப்போது தொழிற்சாலையில், முதலில் கொஞ்ச நாள் பரிசோதனைப் பிரிவில் உட்கார வைத்திருந்து, திரும்ப மிஷினில் போட்டிருக்கிறார்கள். மாத்திரை தொடர்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து, பயந்து, தள்ளிப்போட்ட ஒன்றைக் கேட்டேன். அன்றைக்கு நான் கேட்காமல் விட்டிருந்தால் எப்போது என்று நினைத்திருந்தீர்கள் என்று.

"மறுநாள் காலையில," என்றார். "நீ வேலைக்கு உட்கார்ந்ததுக்கு அப்புறம். உட்கார்ந்தா நாலு மணி நேரத்துக்கு நீ திரும்பிப் பார்க்க மாட்டியே."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னார். அந்த நாலு மணி நேரமும் நான் யார் யாருடைய மனநிலையையோ கவனமாக அடித்துக்கொண்டிருந்திருப்பேன். ஒரு பிழையும் இல்லாமல் அடித்திருப்பேன்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"விடுடி, குழம்பு அடிப்பிடிக்குது," என்று சொல்லி, கையை உருவிக்கொண்டு, எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.